உப்புக் காற்றில் ஒரு கார்

வாளியும் துணியுமா, பிரஷர் பம்பா, சர்வீஸ் ஸ்டேஷனில் நுரை வாஷா? புதுசாகக் கார் வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் இனயத்தில் கேட்டால் பதில் கொஞ்சம் மாறும். குளச்சலுக்கு மேற்கே, அரபிக்கடலை நேர் முகத்தில் வாங்கிக்கொண்டிருக்கிற ஊர் அது. அங்கே காருக்கு எதிரிகள் இரண்டு பேர்: மணல், உப்பு. இரண்டுக்குமே சரித்திரம் உண்டு!

முதலில் மணல். 1909-ல் ஷோம்பர்க் என்கிற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். உள்ளே மோனசைட்! (அந்தக் காலத்து கேஸ் விளக்கு மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் இதில் கிடைக்கும்.) கயிறு வந்த வழியைப் பிடித்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடம், இதே கரையிலுள்ள மணவாளக்குறிச்சி. மோனசைட் கிடக்கட்டும். அந்த மணலில் கார்னெட்டும் இருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற கல். இந்தக் கரையோரம் நிறுத்திய காரைக் காய்ந்த துணியால் 'சும்மா ஒரு தடவை' துடைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மணலைத் தண்ணீர்தான் இறக்க வேண்டும். துணிக்கு அப்புறம்தான் வேலை.

உப்பின் கதைக்கு டெட்ராய்ட் போக வேண்டும். காசு வாங்கிக் கார் கழுவும் கடை 1914-லேயே அங்கே வந்துவிட்டது. பெயர் என்னவோ 'ஆட்டோமேட்டட் லாண்டரி'. நடந்ததோ, காரைக் கையால் தள்ளிக்கொண்டு போக, ஒருவர் சோப்புப் போட, ஒருவர் அலச, ஒருவர் துடைக்க... அதே நகரத்துக்கு அடியில் சுமார் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம்! பனியை உருக்க ரோட்டில் உப்புக் கொட்டும் வழக்கம் 1940-களில் அமெரிக்க நகரங்களில் பரவியது. பனி உருகியது, காரும் உருகியது. மேலே மினுமினுப்பு, அடியில் சல்லடை.

இதில் மானமே போனது இத்தாலியின் லான்சியாவுக்கு. அவர்கள் 1972-ல் கொண்டுவந்த பீட்டா காரில், எஞ்சினைத் தாங்கும் சட்டம் பொருந்துகிற இடமே பிரிட்டனின் ஈரத்திலும் உப்பு ரோட்டிலும் துருப்பிடித்தது. 1980-ல் விற்ற கார்களைக் கம்பெனியே திருப்பி வாங்க வேண்டியதாயிற்று. 1994-ல் பிரிட்டனை விட்டே வெளியேறினார்கள். பி.காம். பாடத்தில் தேய்மானம் என்று வருடத்துக்கு இத்தனை சதவிகிதம் கழிப்போம். உப்பு அந்தக் கணக்கெல்லாம் படித்ததில்லை.

அங்கே மனுஷர்கள் கொட்டினார்கள், இனயத்தில் காற்றே கொட்டுகிறது. மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசியுமே, அதேதான். காரின் அடியில் ஒட்டிய உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பு காயவே காயாது.

ஆகவே பிரஷர் பம்ப் இருந்தால் வாரம் ஒரு தடவை சக்கரக் குழி, கதவின் கீழ் விளிம்பு, அடிப்பாகம் என்று காட்டுங்கள். எஞ்சின் பக்கம் வேண்டாம். மேலே தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, பிறகு கார் ஷாம்பு. (துணி சோப்புத்தூள் கூடவே கூடாது!) துணியை அலச மட்டும் தனியாக ஒரு வாளி. கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் தேடியாக வேண்டும். கதவடியில் குட்டிக் குட்டி வடிகால் ஓட்டைகள் இருக்கும். அடைத்திருந்தால் குச்சியால் எடுத்துவிடுங்கள்.

சிலர் கழுவிய ஈரத்தோடு கவர் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே நடப்பது அதே உப்பு ஜாடிக் கதைதான்.