ரப்பர்ச் சிறுநிலக்காரர் பயிற்சி: கெடாவும் குருண் வட்டாரமும்

ரப்பர்ச் சிறுநிலக்காரர் பயிற்சி என்பது, தமக்கு உரிமையான சிறு நிலத்தில் பால்மரம் வைத்துப் பேணும் குடியானவர்களுக்கு, நடவு தொடங்கி மரத்தை வீழ்த்தி மறுநடவு செய்யும் வரையில் ஏறத்தாழ 30 ஆண்டு நீளும் ஒரு மரத்தலைமுறையை முன்கூட்டியே திட்டமிட்டு நடத்தும் முறையைக் கற்பிக்கும் பொருட்டு, மலாயாவில் ஆராய்ச்சி நிலையமும் அரசாங்கமும் நடத்திவந்த வகுப்புகளையும் செயல்விளக்கங்களையும் நேர்முக ஆலோசனைகளையும் ஒருங்கே குறிப்பதாகும். தனியார் காடுகள் மிகுந்த அமெரிக்காவில் இத்தகைய கல்வி வேறு வடிவம் பெற்றது. அங்கே 1941இல் தோன்றிய மரப்பண்ணை இயக்கமும், 1990இல் சட்டத்தால் நிறுவப்பட்ட வனப் பராமரிப்புத் திட்டமும், காட்டுக்குச் சொந்தக்காரனே அதன் எதிர்காலத்தை எழுத்தில் வகுத்துக்கொள்ளவேண்டும் என்ற கொள்கையைப் பரப்பின. மலேசியாவிலோ இயற்கை வனம் பெரும்பாலும் மாநில அரசாங்கங்களின் உடைமை. சாதாரணக் குடும்பம் ஒன்று சொந்தம் கொண்டாடக்கூடிய காடு ரப்பர்க் காடுதான். ஆகவே, நிலவுடைமையாளர் வனப் பராமரிப்புக் கல்வியின் சரித்திரத்தை இந்நாட்டில் தேடுவோர், ரப்பர்ச் சிறுநிலத்தின் சரித்திரத்தையே புரட்டவேண்டியவராகின்றனர்.

கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையின் கிழக்கே, சுங்கை பட்டாணிக்கும் அலோர் ஸ்டாருக்கும் இடையில் அமைந்த குருண், இருவேறு விவசாய உலகங்கள் சந்திக்கும் எல்லையாகும். வடக்கே செல்பவருக்கு நெல்வயல்களின் சமவெளி விரிகின்றது. தெற்கே பீடோங் வரையிலும் அதற்கப்பாலும் மேடுபள்ளமான நிலத்தில் தோட்டங்கள் அடர்ந்தன. அமெரிக்க ரப்பர்க் கம்பெனிக்கு உரித்தாயிருந்த ஹார்வர்ட் தோட்டம் போன்ற பெருந்தோட்டங்களின் அயலிலேயே மலாய்க் குடியானவர்களும் சீனரும் ஒருசில தமிழரும் வைத்திருந்த சில ஏக்கர் துண்டுநிலங்கள் கிடந்தன. 100 ஏக்கரும் அதற்கு மேலும் தோட்டம், அதற்குக் குறைந்தது சிறுநிலம் என்பது மலாயாவின் நெடுநாளைய நிர்வாக வழக்கு.

இக்கல்வியின் முதல் உபாத்தியாயர் என்று சொல்லத்தக்கவர் ஹென்றி ரிட்லி. ஹென்றி விக்காம் 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசென்ற விதைகள் கியூ தோட்டத்தில் முளைத்து, அவற்றின் நாற்றுகளில் 22 மட்டும் மறு ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை நிர்வகித்த ரிட்லி, மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், முன்வெட்டிய கோட்டிலேயே மெல்லிய சீவல் எடுத்துப் பால் வடிக்கும் முறையைக் கண்டதோடு அமையாது, காப்பிப் பயிரில் மயங்கியிருந்த தோட்டத் துரைமாரிடம் விதைகளை எடுத்துச்சென்று வலிய உபதேசித்தார். பைத்தியக்காரர் என்ற பட்டமும் பெற்றார். கெடா 1909ஆம் ஆண்டின் ஆங்கில–சயாம் உடன்படிக்கைக்குப் பின் பிரிட்டிஷார் பாதுகாப்பில் வந்ததும், 1915இல் இருப்புப்பாதை அலோர் ஸ்டாரை எட்டியதும், குருண் வழியாகச் சரக்குப் போக்குவரத்தை எளிதாக்கி, ரப்பரின் விஸ்தரிப்புக்குத் துணைசெய்தன.

தமிழகத்திலிருந்து வந்து இத்தோட்டங்களில் உழைத்த தொழிலாளிக்கு மரத்தைப் பற்றிய ஞானம் குறைவென்று எவரும் சொல்லமாட்டார். விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் நின்று, தனக்கு விதித்த நிரையில் இறங்கி, பட்டையின் கனத்தை விரல்நுனியால் அறிந்து, காம்பியம் என்னும் உயிரணுப் படலத்தைத் தொடாமல் கத்தியைச் செலுத்தி, மங்கு என்னும் கிண்ணத்தில் விழும் பாலின் அளவைக்கொண்டே மரத்தின் சௌக்கியத்தைக் கணித்தவர் அவர். எனினும் எந்த இன மரத்தை நடுவது, எந்த ஆண்டில் வெட்டத் தொடங்குவது, எந்தப் பக்கத்துப் பட்டையை ஓய்வுக்கு விடுவது, எப்போது தோட்டத்தை அழித்து மீண்டும் நடுவது ஆகியவையெல்லாம் துரையின் அறையிலும் கிராணி என்னும் எழுத்தரின் கணக்கேட்டிலும் தீர்மானிக்கப்பட்டன. கைத்திறன் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தங்கியது. திட்டமிடும் அறிவு பங்களாவில் தங்கியது. இவ்விரண்டும் ஓரிடத்தில் சேராமற்போனதே பிற்காலத்தில் நிலம் வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் தடுமாற்றத்துக்குக் காரணம் என்று கருத இடமுண்டு.

மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925இல் சட்டப்படி தோன்றி, அடுத்த ஆண்டில் வேலை தொடங்கிற்று. முதலில் பெருந்தோட்டங்களின் பிரச்சினைகளையே பெரும்பாலும் கவனித்துவந்த அந்நிலையம், 1930களின் நடுப்பகுதியில் சிறுநிலக்காரர் ஆலோசனைப் பிரிவை அமைத்து, ஆசியப் போதகர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியது. இவர்கள் கற்பித்தவை எளியவை: பட்டையைத் தேவைக்கு மிஞ்சிச் சீவாமை, ஒருநாள்விட்டு ஒருநாள் வெட்டுதல், ஃபார்மிக் அமிலத்தை அளவாகக் கலந்து பாலைச் சுத்தமாக உறையவைத்தல், தகட்டைப் புகைக்கூடத்தில் சீராக உலர்த்துதல். இத்தனையும் அன்றாடப் பணிகள். பத்தாண்டு, இருபதாண்டு நோக்கு இவற்றில் இன்னும் இல்லை. அதற்கு அக்காலத்து அரசாங்கக் கொள்கையும் பொறுப்பாகும். 1934ஆம் ஆண்டின் சர்வதேச ரப்பர் ஒழுங்குமுறை ஒப்பந்தம் புதுநடவைத் தடுத்திருந்த நிலையில், சிறுநிலக்காரர் எதிர்காலத்தைத் திட்டமிட எங்ஙனம் இயலும்?

அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு விவாதம் சுவையானது. தோட்டத்து மண்ணைப் புல் பூண்டின்றிக் கொத்திச் சுத்தமாக வைப்பதே நல்ல நிர்வாகத்தின் லட்சணம் என்று துரைமார் நம்பினர்; அதன் பயனாகச் சரிவுகளில் மேல்மண் மழையோடு போயிற்று. ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டபிள்யூ. பி. ஹெயின்ஸ், மரங்களுக்கடியில் இயற்கையாய் வளரும் செடிகொடிகளை அடியோடு அழிக்காமல் கட்டுப்படுத்தி வைத்துக்கொள்வதன் நன்மையை 1934இல் ஒரு நூலாகவே விளக்கினார். தன் நிலத்தில் மரங்களை நெருக்கி நட்டு, கீழே புதர் மண்ட விட்டிருந்த சிறுநிலக்காரர், சோம்பேறி என்று பல்லாண்டு பழிக்கப்பட்டவர். அவருடைய பழக்கத்தில் ஒரு காட்டின் தர்மம் இருந்ததை அறிஞர் அப்போதுதான் ஒப்புக்கொள்ளத் தொடங்கினர். யுத்தத்துக்குப் பின் 1946இல் சிறுநிலங்களைச் சுற்றிப்பார்த்த பொருளியல் அறிஞர் பி. டி. பாவரும் இவர்களுக்குச் சார்பாகவே வாதாடினார். போதனை எப்போதும் மேலிருந்து கீழே வரவேண்டும் என்ற எண்ணத்துக்கு இது நல்ல மறுப்பு.

யுத்தம் குருணையும் விடவில்லை. 1941 டிசம்பர் நடுவில் ஜித்ராவிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை இங்கு அமைத்த காவல் வரிசையை ஜப்பானியர் உடைத்தனர். சமாதானம் வந்தபோது நிலங்களில் நின்றவை வயோதிக மரங்கள். செயற்கை ரப்பரோ போட்டிக்கு வந்துவிட்டது. 1952இல் இயற்றப்பட்ட மறுநடவு நிதிச் சட்டமும், ஏற்றுமதித் தீர்வையிலிருந்து அந்நிதிக்குச் சேர்ந்த தொகையும், 1954இல் பிரான்சிஸ் மூடி தலைமையில் வந்த விசாரணைக் குழுவின் பரிந்துரைகளும் சேர்ந்து, பழைய மரத்தை அழித்து உயர்விளைச்சல் இனங்களை நடும் பெரும் முயற்சியைத் தொடங்கிவைத்தன.

இம்முயற்சியே உண்மையான திட்டக்கல்வியின் ஆரம்பம் எனலாம். உதவித்தொகை ஒரே தடவையில் கொடுக்கப்படவில்லை. மரத்தை வீழ்த்தி நிலத்தைச் செப்பனிட்டதும் ஒரு தவணை, ஒட்டுக்கன்று நட்டதும் மற்றொன்று, களையெடுத்து உரமிட்டு வளர்த்ததற்கேற்ப மேலும் சில என்று, ஒவ்வொரு பகுதியும் அதிகாரியின் பரிசோதனைக்குப் பின்னரே கைக்கு வந்தது. கூட்டத்தில் கேட்டு வீடு திரும்பும் வழியில் மறந்துபோகும் பாடம், தவணைப் பணத்தோடு பிணைக்கப்பட்டபோது மறக்கப்படவில்லை. கன்று வெட்டுப் பருவம் எய்தும் ஆறு, ஏழு ஆண்டுகளும் குடும்பம் எதை உண்பது என்ற கேள்வி எழ, வாழை, அன்னாசி முதலிய இடைப்பயிர்களும் வகுப்பில் இடம்பெற்றன. அடிமரம் சுமார் 20 அங்குலச் சுற்றளவு அடையுமுன் கத்தி வைக்கலாகாது என்ற விதி, கடன்பட்டவர் பொறுமையைச் சோதிப்பதாயினும், நெடுநாள் வருமானத்துக்கு இன்றியமையாதது.

கெடாவுக்கென்று சில தனிப்பாடங்களும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை நீளும் வறட்சி, தென்மாநிலங்களைவிட இங்குக் கடுமையானது. எனவே மழைக்காலத் தொடக்கத்தில் நடுவதும், அடிமண்ணில் தழைமூடாக்கு இடுவதும், பியூரேரியா போன்ற அவரையினக் கொடிகளை மூடுபயிராக வளர்ப்பதும் வற்புறுத்தப்படுகின்றன. இலையுதிர்வுக்குப் பின் புதுத்தளிர் விடும் தருணத்தில் தாக்கும் சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் தூவுவது பழைய சிகிச்சை. ஜெராய் மலையடிச் சரிவுகளில் சமஉயரக் கோட்டில் படிவெட்டாமல் நடுவது, ஓடைகளையும் கீழ்நிலத்தாரையும் பாதிக்கும் பாபம்.

மறுநடவு முயற்சி நடந்த அதே காலத்தில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். வேலையிழந்தோரில் தமிழரே மிகுதி. இந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் நிறுவிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளிகள் சேர்த்த பங்குப் பணத்தைக் கொண்டு மறு ஆண்டில் முதன்முதலாக வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம். துண்டாடலுக்கு இதுவே சரியான மறுமொழி. ஆனால் நிர்வாகம் இங்கும் அலுவலர்களிடமே இருந்தமையால், தோட்டத்தின் பங்குதாரரான பால்வெட்டுத் தொழிலாளி திட்டமிடுதலைக் கற்றார் என்று சொல்வதற்கில்லை.

1973 ஜனவரி முதல் நாளில் தோன்றிய ரிஸ்டா என்னும் ரப்பர்ச் சிறுநிலக்காரர் மேம்பாட்டு வாரியம், மறுநடவுப் பொறுப்பையும் பயிற்சியையும் ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்தது. அடுத்தடுத்த நிலங்களைச் சேர்த்துக் கூட்டாக மறுநடவு செய்தல், குழுவாகப் பால் பதனிடுதல், வெட்டுப் பயிற்சி என்பன விரிந்தன. ஆராய்ச்சி நிலையம் 1998இல் வேறிரு அமைப்புகளோடு இணைந்து மலேசிய ரப்பர் வாரியமாயிற்று.

கடந்த நூற்றாண்டின் இறுதியில் பயிற்சியின் பொருள் மீண்டும் காட்டை நோக்கித் திரும்பியது. முன்னர் விறகாக எரிக்கப்பட்ட ரப்பர் மரம், பூச்சியரிப்புக்குத் தக்க இரசாயனப் பதம் கண்டறியப்பட்டதும், மேசை நாற்காலிகளுக்குரிய தடிமரமாக மதிப்புப் பெற்றது. பாலும் தடியும் ஒருங்கே தரும் இனங்களை மலேசிய ரப்பர் வாரியம் பரிந்துரைத்தது. கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம், வேம்பின் உறவான சென்தாங் மரத்தை இத்தகைய நிலங்களுக்கு எடுத்துரைத்தது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய விதியோ, 2020 டிசம்பர் 31ஆம் தேதிக்குப் பின் காடழித்து உண்டாக்கிய நிலத்தின் ரப்பரை விலக்குவதோடு, ஒவ்வொரு துண்டின் அட்சரேகை தீர்க்கரேகைகளையும் கேட்கின்றது. குருணிலோ யூரியா ஆலையும் மோட்டார்சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்து, வாரிசுகளில் பலர் சம்பள வேலைக்குச் சென்றுவிட்டனர். ஒரே பட்டாவில் பலர் பெயர் ஏறிய நிலத்தில், மரத்தை வீழ்த்த ஒருவர் விரும்ப மற்றொருவர் விற்க நினைப்பது சாதாரணம். ஆகவே நிலத்திட்டம் பற்றிய போதனை இன்று மரத்தின் வயதைக் காட்டிலும் பங்காளிகளின் இசைவைப் பற்றியே முதலில் விசாரிக்கவேண்டியதாக இருக்கின்றது.