நாட்டின் சளிக்காய்ச்சல் கணக்கு: உங்கள் வீட்டுக் காய்ச்சல் அதில் இருக்கிறதா?

புக்கிட் தெங்கா: 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், நாடு முழுவதும் இன்புளூவென்சா எனப்படும் சளிக்காய்ச்சல் திடீரென்று பரவியது. அவ்வாண்டின் 40-ஆவது தொற்றியல் வாரத்தில் 97 தொற்றுத் திரள்கள் பதிவானதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அதற்கு முந்தைய வாரத்தில் பதிவானவை 14 மட்டுமே. அந்த 97-இல் 10 பினாங்கு மாநிலத்தில் கண்டறியப்பட்டவை. பெரும்பாலான திரள்கள் பள்ளிகளிலும் பாலர் பள்ளிகளிலும் ஏற்பட்டன. சுமார் 6,000 மாணவர்கள் பாதிக்கப்பட்டதாகக் கல்வி அமைச்சு தெரிவித்தது. சில பள்ளிகள் தற்காலிகமாக மூடப்பட்டன.

தொழிற்சாலைகளும் தாமான் வீடுகளும் பள்ளிகளும் நெருங்கி நிற்கும் புக்கிட் தெங்கா, பிறை, ஜூரு வட்டாரத்தில் இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கிறது. ஆனால் அறிக்கையில் சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். இந்த எண்ணிக்கை எப்படி வருகிறது?

எல்லாரையும் எண்ணுவதில்லை

சளிக்காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரையும் சோதிப்பது எந்த நாட்டிலும் நடக்காத காரியம். அதனால் குறிப்பிட்ட சில சுகாதாரக் கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் கண்காணிப்பு நிலையங்களாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்துப் பார்ப்பது போன்ற முறை இது.

இங்கு நோயாளிகள் இரண்டு வகையாகப் பிரிக்கப்படுகிறார்கள். 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலும் இருமலும் 10 நாள்களுக்குள் தொடங்கியிருந்தால் அது ‘இன்புளூவென்சா போன்ற நோய்’. அதே அறிகுறிகளுடன் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் அது ‘கடுமையான சுவாசத் தொற்று’. முதல் வகை, கிருமி ஊருக்குள் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டாவது வகை, அது எவ்வளவு கடுமையாகத் தாக்குகிறது என்பதைக் காட்டும்.

இவர்களில் சிலரிடம் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புகிறார்கள். 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.எம்.ஆர்.), சுங்கை பூலோவில் உள்ள தேசியப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் ஆகியவை இப்பணியில் முக்கியமானவை. பி.சி.ஆர். சோதனையில் அது இன்புளூவென்சா ஏ வகையா, பி வகையா, அல்லது கோவிட் போன்ற வேறு கிருமியா என்பது தெரிந்துவிடும்.

வெறும் எண்ணிக்கையைவிட விகிதமே இதில் முக்கியம். எடுத்துக்காட்டாக, சோதித்த 100 பேரில் 5 பேருக்குத் தொற்று இருந்தது, அடுத்த வாரம் 100-இல் 15 ஆனது என்றால், பரவல் ஏறுமுகத்தில் உள்ளது என்று அதிகாரிகள் முடிவு செய்யலாம். நாட்டில் மொத்தம் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று இந்தக் கணக்கு சொல்லாது. நிலைமை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைத்தான் சொல்லும்.

குளிர்காலம் இல்லாத நாட்டில்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சளிக்காய்ச்சல் குளிர்காலத்தில் வந்து போகும். மலேசியாவில் அது ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஆண்டின் நடுவிலும் ஆண்டு இறுதியை ஒட்டியும் அதிகரிப்பது வழக்கம் என்றாலும், நாள் குறித்துச் சொல்ல முடியாது. இதனால்தான் இங்கே வாரந்தோறும் இடைவிடாத கண்காணிப்பு தேவைப்படுகிறது.

மலேசியாவின் பெயரில் ஒரு தடுப்பூசிக் கிருமி

1952-இல் உலகச் சுகாதார நிறுவனம் தொடங்கிய இன்புளூவென்சா கண்காணிப்பு வலையமைப்பில் மலேசியாவும் இடம்பெற்றுள்ளது. இங்கிருந்து மாதிரிகள் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள ஆய்வு மையம் போன்ற இடங்களுக்குச் செல்கின்றன. பல நாடுகளின் தகவல்களை வைத்து, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடும் நிபுணர்கள் அடுத்த தடுப்பூசியில் எந்தக் கிருமிகள் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள்.

2006-2007 பருவத்திற்கான தடுப்பூசியில் இடம்பெற்ற ஒரு கிருமியின் பெயர் ‘பி/மலேசியா/2506/2004’. பி வகை, மலேசியாவில் எடுக்கப்பட்டது, மாதிரி எண் 2506, ஆண்டு 2004 என்பது அதன் பொருள். இந்நாட்டில் யாரோ ஒரு நோயாளியிடம் எடுத்த மாதிரி, உலகெங்கும் பல லட்சம் பேரைக் காக்கும் ஊசிக்கு வழிகாட்டியிருக்கிறது.

கணக்கில் வராதவர்கள்

தோட்டங்களில் காலைப் பெரட்டில் ஆள் குறைந்தால் காய்ச்சல் பரவுவது உடனே தெரிந்துவிடும். தோட்ட மருந்தகத்து டிரஸ்ஸர் பெயரைப் பதிந்துகொள்வார். ஆனாலும் 1918-இன் பிற்பகுதியில் உலகை உலுக்கிய இன்புளூவென்சா மலாயாவை எட்டியபோது, மிக அதிகமாக உயிரிழந்தவர்களில் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

இன்று பலர் தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்துவிட்டார்கள். எம்.சி. எடுத்தால் வருகை அலவன்ஸ் போய்விடும் என்று பனடோல் விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மருந்தகத்தில் சோதனைக் கருவி வாங்கி வீட்டிலேயே பார்த்துக்கொள்வோரின் முடிவும் தானாக ஆய்வுக்கூடத்தைச் சென்றடைவதில்லை. ஒரு வட்டாரத்தில் பலரும் இப்படி இருந்துவிட்டால், அங்கே நோய் குறைவு என்றே அறிக்கை காட்டும். எச்சரிக்கையும் தாமதமாகத்தான் வரும்.

1955 வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18 நாள், அதற்கு மேல் 22 நாள்.

கவனிக்க வேண்டியவை

* அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் 1 ரிங்கிட். காய்ச்சல் தொடங்கிய நாளையும், வீட்டிலோ வகுப்பிலோ வேறு யாருக்குக் காய்ச்சல் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

* முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் காத்திருக்க வேண்டாம். கிருமிக்கு எதிரான மருந்து முதல் 48 மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் நன்கு பலன் தரும்.

* மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்தல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவை இருந்தால் நேராக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

* 60 வயதும் அதற்கு மேலும் ஆகி, நாள்பட்ட நோய் உள்ள குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் இன்புளூவென்சா தடுப்பூசி இலவசம். மைசெஜாத்ரா செயலியில் நேரம் பதியத் தெரியாத தாத்தா பாட்டிகளுக்கு வீட்டிலுள்ள இளையோர் பதிந்து கொடுக்கலாம்.

* காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். காரணத்தை ஆசிரியரிடம் தெரிவியுங்கள். ஒரே வகுப்பில் பலருக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால்தான் பள்ளி நிர்வாகம் மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்குத் தகவல் கொடுக்க முடியும்.