எயர்: வாரிசு என்றொரு பெயர்

இங்கிலாந்தில் ஸ்மித்தும் ஜோன்ஸும் தெருவுக்குத் தெரு உண்டு. எயர் அப்படிப்பட்ட குடும்பப் பெயர் அல்ல. டெர்பிஷர் மலைப் பகுதியில்தான் அதற்கு வேர் ஆழம்.

இந்தப் பெயருக்குக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் நார்மண்டி வில்லியம் குதிரையிலிருந்து விழ, தலைக்கவசம் முகத்தில் அழுந்தி மூச்சு முட்டியதாம். ட்ரூலவ் என்ற வீரன் கவசத்தை விலக்கி அவரை மூச்சுவிடச் செய்ததால், காற்றைக் குறிக்கும் 'ஏர்' அவனுக்குப் பெயராயிற்றாம். பிறகு அதே போரில் அவன் ஒரு காலை இழந்தான் என்பார்கள். குடும்பச் சின்னத்திலும் கவசம் பூண்ட கால் ஒன்று இருக்கிறது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆவணம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. இடைக்கால ஏடுகளில் இப்பெயர் 'லெ எயர்' என்று வருகிறது. முன்னால் 'லெ' வந்தால், பின்னால் வருவது ஓர் ஆளைச் சுட்டும் சொல். பழைய பிரெஞ்சில் 'எய்ர்' என்றால் வாரிசு. லத்தீன் 'ஹேரெஸ்' அதன் தாய்.

டெர்பிஷரின் ஹாதர்சேஜ் ஊர்த் தேவாலயத்தில் இந்தக் குலத்தவரின் கல்லறைகள் இருக்கின்றன. 1459இல் இறந்த ராபர்ட் எயரும் அவர் மனைவி ஜோனும் பித்தளைத் தகட்டில் உருவங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். 1845 கோடையில் நாவலாசிரியர் சார்லட் பிராண்டி தோழி எலன் நஸ்ஸியோடு இங்கே சில வாரங்கள் தங்கினார். எலனின் அண்ணன்தான் அந்த ஊர்ப் பாதிரியார். ஆகவே தேவாலயமும் கல்லறைகளும் வாசலிலேயே இருந்தன. ஊருக்கு வெளியே, மதில்முடி வைத்த கோபுரம்போல் நிற்கும் நார்த் லீஸ் மாளிகையிலும் எயர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். சார்லட் பின்னர் எழுதிய நாவலின் தார்ன்ஃபீல்டு மாளிகைக்கு அதுவே முன்மாதிரி என்பார்கள் பலர்.

1847இல் அந்த நாவல், 'ஜேன் எயர்', வெளிவந்தது. பெயரின் வேரை அறிந்துதான் சார்லட் அதைத் தேர்ந்தாரா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் கதையைப் பாருங்கள்: அத்தை வீட்டில் அடியும் ஏச்சும் வாங்கிய அநாதைப் பெண், கடைசியில் சித்தப்பா ஜான் எயர் விட்டுப்போன 20,000 பவுண்டுக்கு வாரிசாகிறாள். அதை நான்காகப் பங்கிட்டு, மூன்று பங்கை உறவினருக்குக் கொடுத்துவிடுகிறாள். அந்தப் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான கதாநாயகியை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

நாவலில் தார்ன்ஃபீல்டு மேல்மாடியில் அடைபட்டுக் கிடக்கும் பெர்த்தா மேசன், ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனிலிருந்து வந்தவள். நாவல் வெளியாகி 18 ஆண்டு கழித்து, அதே ஸ்பானிஷ் டவுனைத் தலைநகராகக் கொண்ட ஜமைக்காவை ஆண்ட ஆளுநரின் பெயரும் எயர்! எட்வர்ட் ஜான் எயர். 1865இல் மொரண்ட் பே கிளர்ச்சியை அவர் அடக்கியபோது 400 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அவர்மேல் வழக்குத் தொடர வேண்டும் என்றார்கள் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் டார்வினும். அவருக்காகப் பரிந்து நின்றார்கள் கார்லைலும் டிக்கன்ஸும். மில் பக்கமே நியாயம் இருந்தது. எயர் தண்டிக்கப்படவேயில்லை.

அதற்கு முன் இவர் ஆஸ்திரேலியாவில் நிலம் தேடி அலைந்தவர். 1840இல் உப்புப் படிந்த பெரும் ஏரியொன்றின் ஓரத்தைக் கண்டார். பின்னாளில் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் அந்தப் பள்ளம் பெரும்பாலும் வறண்டிருக்கும்; முழுதாக நிறைவது ஒரு நூற்றாண்டில் சில தடவைதான்.

அந்த மண்ணின் வாரிசுகள் அரபானா மக்கள். அவர்களின் நில உரிமையை 2012இல் நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டில் ஏரியின் அதிகாரப்பூர்வப் பெயரும் மாறியது: கட்டி தண்டா–எயர் ஏரி. அரபானா பெயர் முதலில் வருகிறது.