புந்தோங்கிலிருந்து கல்லுமலை வரை

புகார் நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. அந்நகரில் யார் யார் வாழ்ந்தனர், எத்தொழில் புரிந்தனர் என்பவற்றை விழாவைச் சொல்ல வந்த இடத்தில்தான் இளங்கோவடிகள் நிரல்படக் கூறுகின்றார். ஈப்போத் தமிழரின் வரலாற்றை அறிய விழைவோர்க்கும் அத்தகைய வாயில் ஒன்று உண்டு. அது தைப்பூச ஊர்வலம் செல்லும் தெரு.

ஊர்வலம் புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திற் புறப்பட்டு, குனோங் சீரோ எனும் சுண்ணாம்புக் குன்றின் அடியிலுள்ள கல்லுமலைச் சுப்பிரமணியர் ஆலயத்தை அடைகின்றது. பால்குடம் ஏந்திய பெண்டிர், காவடி சுமந்தோர், உறுமி மேளக் குழுவினர், தண்ணீர்ப் பந்தல்களில் மோர் வார்ப்போர், இவர்களிடையே காவடி தூக்கும் சீனர் சிலர் எனத் தெரு நிறைந்துவிடுகின்றது. காண வருவோர் அலகையும் கூட்டத்தையும் வியந்து செல்கின்றனர். நாமோ, இம்மக்கள் எங்கிருந்து இத்தெருவிற்கு வந்தனர் என்று கேட்க வேண்டும்.

முன்னாளில் பேராக்கின் ஒவ்வொரு ரப்பர் தோட்டத்திற்கும் ஒரு மாரியம்மன் இருந்தாள். அவளுக்கெனத் தனி விழாவும் இருந்தது. காப்புக் கட்டிய நாள்முதல் லயத்தில் புலால் சமைக்கமாட்டார்கள். கரகம் வீடுதோறும் வரும். வாசலில் நீர் தெளித்துக் கோலமிட்டுக் காத்திருப்பர். அம்மனை ஏற்றிய வண்டி லயங்களுக்கு இடையிலுள்ள செம்மண் பாதையில் நகரும். நள்ளிரவில் தீமிதி, மறுநாள் மஞ்சள் நீராட்டு, பின்னர்க் கூத்து. பிற்காலத்தில் வெள்ளைத் துணி கட்டித் திரைப்படம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நாள்முழுதும் பால் வெட்டியவனுக்கு ஆண்டில் அச்சில நாட்களே தன்னுடையவை.

இதனைப் பொற்காலமாகப் பாடிவிடலாகாது. முதல் மரியாதை கங்காணிக்கே போயிற்று. விழாப் பந்தலிலும் சாதி வரிசை பார்த்தனர். 1929 டிசம்பரில் ஈப்போவில் நடைபெற்ற தமிழர் சீர்திருத்த மாநாட்டிற்குப் பெரியார் வந்தமைக்கும் அவர் சொற்கள் இந்நாட்டில் வேர்கொண்டமைக்கும் இப்பின்புலம் உண்டு. 1952-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள், சமயத்தையும் சாதியையும் கடந்த விழா ஒன்றைத் தமிழர்க்குத் தந்தது. ஆயினும் காவடி நிற்கவில்லை. ஒரே குடும்பத்தில் தந்தை சீர்திருத்தம் பேச, தாய் பால்குடம் எடுப்பது நம் வீடுகளில் வியப்பன்று!

பின்னர்த் துண்டாடல் வந்தது. 1950-களில் தொடங்கி ஆங்கிலேயர் தம் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கலாயினர். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன், தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிவிடலாம் எனத் துணிந்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சில தோட்டங்கள் காக்கப்பட்டன. பல கைமாறின, செம்பனையாயின, வீட்டுமனையாயின. லயம் விட்டவர்கள் பட்டணத்தின் விளிம்பிற் குடியேறினர். எட்டயபுரம் பகுதியிலிருந்து வந்து கச்சான் பூத்தே வறுத்து விற்றோர் முன்னரே வாழ்ந்த புந்தோங் அவர்களுள் பலருக்குப் புகலிடமாயிற்று.

பட்டணத்தில் மலிவாகக் கிட்டிய இடம் எப்போதும் நல்ல இடமாய் இருக்கவில்லை. 1973 அக்டோபரில் குனோங் சீரோவின் பெரும்பாறை சரிந்து அடிவாரத்து வீடுகளின்மேல் விழ, ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் ஊர்வலம் சென்று சேர்வது அதே குன்றின் அடிக்குத்தான்.

தோட்டம் அழிந்தபோது வேலையும் வீடும் போயின என்று எழுதுகின்றோம். ஊருக்கென இருந்த விழா நாளும் போயிற்று என்பதை யாரும் எழுதுவதில்லை. பல மாரியம்மன்களின் பல பாதைகள் சுருங்கி இவ்வொரு தெருவிற் சேர்ந்துள்ளன. தைப்பூசத்தன்று முதியோர் இருவர் சந்தித்தால் பெயரைக் கேட்குமுன், “நீங்க எந்தத் தோட்டம்?” என்றே கேட்பர். விடையாக வரும் பெயர், ஆங்கிலேயர் பதிவேட்டிலுள்ள பெயராய் இராது; கங்காணி பெயராலோ பழைய துரை பெயராலோ நம்மவர் வழங்கிய பெயராயிருக்கும். நிலப்படத்தில் அதனைத் தேடிப் பயனில்லை.

ஆசிரியர்கள் அடுத்த பூசத்தன்று மாணவர் சிலரை ஒரு குறிப்பேட்டுடன் அழைத்துச் செல்லலாம். தண்ணீர்ப் பந்தலின் நிழலில் அம்முதியோர் அமர்ந்திருப்பர். காவடிகள் வந்து சேரும்வரை நேரம் உண்டு.