எஸ் என்ற எழுத்து: ஒரு கார் விளம்பரத்தை வாசித்தல்

கவிதையையும் நாவலையும் பிரதி என்று சொல்லி வாசிக்கப் பழகியவனுக்கு ஒரு பழைய காரின் விற்பனை விளம்பரம் கிடைத்தால் அதையும் பிரதியாகத்தான் வாசிப்பான். கெட்ட பழக்கம், விடமுடியவில்லை. என் முன்னால் இருப்பது 1975ஆம் ஆண்டுச் செவ்ரோலெ கார்வெட், திறந்த கூரை வண்டி. அமெரிக்காவில் வெளிவரும் இவ்வகை விளம்பரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எத்தனை கைமாறியது, துணிக் கூரை எப்போது மாற்றப்பட்டது, வண்ணம் ஆலையில் பூசியதுதானா என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு மந்திரம்: எண்கள் பொருந்துகின்றன. அதாவது எஞ்சினில் குத்தியிருக்கும் எண்ணும் வண்டியின் அடையாள எண்ணும் ஒத்துப்போகின்றன, பிறந்தபோது இருந்த எஞ்சின்தான் இன்னும் இருக்கிறது என்று பொருள். எஞ்சின் மாறியிருந்தால் விலை சரியும். அதனால் எண்ணைத் திருத்திக் குத்துகிற ஏமாத்து வேலையும் உண்டு. குலம் கோத்திரம் பார்த்துப் பெண் எடுக்கிற நம்ம ஊர் வழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கும் அமெரிக்கர்கள், காருக்கு ஜாதகம் பார்க்கிறார்கள்.

அந்த ஜாதகத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கலாம். 1975 கார்வெட்டின் அடையாள எண்ணில் 67 என்று வந்தால் திறந்த கூரை, 37 என்று வந்தால் மூடிய கூரை. அதற்குப் பின்னால் ஜே என்ற எழுத்து 165 குதிரைத்திறன் கொண்ட சாதாரண எஞ்சினைக் குறிக்கும். அடுத்துவரும் 5 ஆண்டு. ஆண்டுக்கு அடுத்து ஒரு எழுத்து, எஸ். வண்டி மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகர ஆலையில் செய்யப்பட்டது என்பதற்கான குறி. இந்தக் கட்டுரை அந்த ஒற்றை எழுத்தைப் பற்றியது.

கார்வெட்டின் கதையை அதன் ரசிகர்கள் சொல்லும் விதம் தெரிந்ததுதான். 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கண்காட்சியில் முதல் தோற்றம். வடிவமைப்புத் துறைத் தலைவர் ஹார்லி எர்லின் கனவு. பெயர் ஒரு சிறு போர்க்கப்பல் வகையிலிருந்து எடுத்தது. உடல் இரும்பில்லை, கண்ணாடியிழை. அந்த ஆண்டு ஃபிளின்ட் நகரில் 300 வண்டிகள். அத்தனையும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அத்தனையும் திறந்த கூரை. நிலையான கூரை போட்ட கார்வெட் 1963இல்தான் வந்தது. 1954க்கு உற்பத்தி செயின்ட் லூயிஸுக்குப் போனது. 3,640 செய்தார்கள், கணிசமானவை விற்காமல் கிடந்தன. 1955இல் வெறும் 700. அதே ஆண்டு ஃபோர்டின் தண்டர்பேர்ட் 16,000க்கு மேல் விற்றது. வண்டியை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு நடந்த காலம் அது.

காப்பாற்றியவராகச் சொல்லப்படுபவர் சோரா ஆர்க்கஸ்-டன்டாவ். 1909இல் பிரஸ்ஸல்ஸில், ரஷ்ய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போனவர். கண்காட்சியில் அந்தக் காரைப் பார்த்துவிட்டு அந்த நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, 1953 டிசம்பரில் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். வண்டியை வேகத்துக்காக முடுக்கும் இளைஞர்கள் எல்லாம் ஃபோர்டின் பக்கம் இருக்கிறார்கள், அவர்களை எப்படி இழுப்பது என்பது சாரம். இளைஞன் என்ற நுகர்வோன் கட்டமைக்கப்பட்ட வரலாற்றில் அந்தக் குறிப்புக்கு ஓர் இடமுண்டு. 'கார்வெட்டின் தந்தை' என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1996இல் இறந்தபோது அஸ்தியைக் கார்வெட் அருங்காட்சியகத்திலேயே வைத்தார்கள். அகதியாக வந்த ஒருவருக்கு இந்தக் கதை தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது. அதை மறுக்கவேண்டியதில்லை.

காரைப் பிரதியாக வாசிப்பதற்கு நமக்கு முன்மாதிரி ரோலன் பார்த். 1957இல் வந்த 'மித்தாலஜீஸ்' நூலில் சித்ரோயன் டி.எஸ். காரைப் பற்றி எழுதியிருப்பதை நம்மில் பலர் மேற்கோள் காட்டிச் சலித்துவிட்டோம். தேவாலயங்களோடு காரை ஒப்பிட்டதும், உலோகத் தகடுகள் சேரும் இடத்தை ஜனங்கள் தடவிப் பார்ப்பதைக் கவனித்ததும் அற்புதம்தான். ஆனால் பார்த் கண்காட்சிக் கூடத்தோடு நின்றுவிடுகிறார். அந்தத் தகடுகளைச் சேர்த்த கைகள் யாருடையவை, எந்தக் கைகளுக்கு அந்த வேலை மறுக்கப்பட்டது என்ற கேள்விக்குக் கூடத்தில் பதில் கிடைக்காது. குறியியலைக் கற்றுக்கொண்ட வேகத்தில் நாமும் அந்தக் கூடத்திலேயே நின்றுவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

செயின்ட் லூயிஸ் ஆலையில் கார்வெட் மட்டுமில்லை, பெரிய குடும்பக் கார்களும் டிரக்குகளும் செய்யப்பட்டன. 1964க்கு முன்பு அங்கே கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. கறுப்பின ஆண்களுக்கு ஆலைத் தளத்தில் வேலை இருந்தது, வெள்ளைப் பெண்களுக்கு அலுவலகத்தில் வேலை இருந்தது. இரண்டு கதவும் கறுப்பினப் பெண்ணுக்குத் திறக்கவில்லை. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் வேலைவாய்ப்பில் நிறப்பாகுபாட்டையும் பால்பாகுபாட்டையும் தடைசெய்தது. அதற்குப் பிறகும் அவர்கள் உண்மையில் உள்ளே வந்தது 1970க்குப் பின். 1973இன் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து மந்தம் வந்தது, ஆட்குறைப்பு வந்தது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வேலை இழந்தார்கள்.

இங்கே விளம்பரத்துக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. ஊரே மந்தம் என்று புலம்பிய அந்த ஆண்டுகளில் கார்வெட்டின் கணக்கு என்ன? 1973இல் 30,464. 1974இல் 37,502. 1975இல் 38,465. குறையவில்லை, ஏறியிருக்கிறது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற நாட்டில் கார்வெட்டுக்கு வாங்க ஆள் இருந்தது. குறைந்தது திறந்த கூரை மட்டும்தான்: 1975இல் 4,629 பேர் மட்டுமே அதைக் கேட்டார்கள். வண்டி உருண்டால் கூரை தாங்கவேண்டும் என்று அரசு விதி கொண்டுவரும் என்ற பயமும் சேர, அந்த ஆண்டோடு அதை நிறுத்தினார்கள். 1986 வரை வரவில்லை. 'கடைசித் திறந்த கூரை' என்ற சொல்லுக்காகவே 1975 வண்டிக்குத் தனி மவுசு. வண்டிக்குக் கடைசி என்பது மதிப்பு. அதே ஆலையில், அதே சமயத்தில், ஆளுக்குக் கடைசி என்பது வெளியே போகும் சீட்டு.

எம்மா டிகிராஃபென்ரைட் என்ற பெண்ணும் வேறு நான்கு கறுப்பினப் பெண்களும் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் வாதம் எளிமையானது. எங்களை முன்பே உள்ளே விடாமல் வைத்திருந்தீர்கள், அதனால்தான் எங்களுக்குப் பணிமூப்பு இல்லை, இப்போது பணிமூப்பைக் காட்டி வெளியே அனுப்புகிறீர்கள். 1976இல் மிசூரியின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், முழு விசாரணைக்கே போகாமல், நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பால்பாகுபாடா? பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்களே! (வெள்ளைப் பெண்கள்தான், ஆனாலும் பெண்கள்தானே.) நிறப்பாகுபாடா? அதற்கு இதே நிறுவனத்தின் மேல் வேறொரு வழக்கு இருக்கிறது, அதில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. அப்படி அனுமதித்தால் இன்னும் எத்தனை புதுப்புதுப் பிரிவினர் பாதுகாப்புக் கேட்டுக் கிளம்புவார்களோ என்று நீதிபதி அஞ்சினார். மேல்முறையீட்டில், 1977இல், கீழ்நீதிமன்றத்தின் இந்தத் தர்க்கத்தை முழுதாக ஏற்கவில்லை என்று சொன்னார்கள். பணிமூப்பு விஷயத்தில் மட்டும் தீர்ப்பு நின்றுவிட்டது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், நேர்மையான பணிமூப்பு முறை பழைய பாகுபாட்டை நீட்டித்தாலும் சட்டவிரோதமாகாது என்று வேறொரு வழக்கில் சொல்லியிருந்ததுதான் காரணம்.

1989இல் கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்ட அறிஞர், சிகாகோ பல்கலைக்கழகச் சட்ட இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கைத்தான் முதல் சான்றாக எடுத்தார். இன்று குறுக்குவெட்டுத்தன்மை, ஊடுவெட்டு என்று நாம் பலவிதமாக மொழிபெயர்த்துத் தடுமாறுகிற கருத்தாக்கம் அங்கே பிறந்தது. கிரென்ஷா அதை விளக்க எடுத்த உவமை ஒரு நாற்சந்தி. நாலா பக்கமிருந்தும் வண்டிகள் வருகின்றன. நடுவில் நிற்பவள் மேல் எந்தப் பக்கத்து வண்டியும் மோதலாம், பல வண்டிகள் ஒன்றாகவும் மோதலாம். எந்த வண்டி எவ்வளவு காயம் செய்தது என்று தனித்தனியாக நிரூபித்தால்தான் மருத்துவம் என்று சொன்னால் அவள் கதி என்ன? கார் ஆலையிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழக்கைப் பேசும்போது கார் மோதும் உவமை வந்ததைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்ளலாம். எனக்கு என்னவோ அப்படித் தோன்றவில்லை.

தலித் பெண்கள் தனியாகப் பேசத் தொடங்கியபோது நம் கூட்டங்களில் எழுந்த முணுமுணுப்பு இந்த இடத்தில் என் காதில் விழுகிறது. சாதிக்கு ஒரு மேடை இருக்கிறது, பெண்ணுக்கு ஒரு மேடை இருக்கிறது, மூணாவதா எதுக்கு இன்னொன்னு? கேட்டவர்கள் யாரும் மிசூரித் தீர்ப்பைப் படித்தவர்கள் இல்லை.

ஆனால் ஒன்றைத் தோழர்களோடு வெளிப்படையாகப் பேசவேண்டும். இந்த வழக்கில் வில்லனைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. பணிமூப்பு முறை முதலாளி கொடுத்த வரமில்லை. சங்கங்கள் சண்டை போட்டு வாங்கியது. அதற்கு முன்னால் யாரை வைப்பது யாரை அனுப்புவது என்பது மேஸ்திரியின் இஷ்டம். மேஸ்திரி வீட்டுக்கு விறகு வெட்டியவனுக்கும் கோழி கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கும் வேலை நிலைக்கும். அந்த அசிங்கத்தை ஒழித்த விதி இது. நம்முடைய 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்திலும், பின்னாளில் சேர்த்த 25ஜி பிரிவாக, 'கடைசியில் வந்தவர் முதலில் போகவேண்டும்' என்ற முறை இடம்பெற்றது. அதைப் பாதுகாப்பதற்காகத் தெருவில் இறங்கியவர்கள் நம் ஆட்கள்தான். தேதியை மட்டும் பார்க்கும் விதி, ஆள் முகம் பார்க்காது, ஆகவே நியாயமானது என்பது நம் நம்பிக்கை. செயின்ட் லூயிஸில் தேதிக்கே முகம் இருந்தது. யாருக்கு எந்தத் தேதி கிடைக்கும் என்பதை நிறமும் பாலும் முன்கூட்டியே முடிவுசெய்திருந்தன. விதியைத் தூக்கி எறிந்தால் மேஸ்திரி திரும்பி வருவான். அப்படியே வைத்திருந்தால் கடைசியில் வந்தவர்கள் எப்போதும் கடைசிதான். இழந்த ஆண்டுகளையும் மூப்பில் சேர்த்துக்கொடு என்பது ஒரு வழி. 1976இலேயே, வேறு வழக்கில், வேலை கேட்டு மறுக்கப்பட்டவர்களுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிக் கொடுக்கலாம் என்றது. ஆனால் 1964க்கு முன்னால் மறுக்கப்பட்டவர்களுக்கு அது எட்டவில்லை. எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்து வாசல்வரைக்கும் போகாதவள் மறுக்கப்பட்டதை எந்தத் தேதியிட்ட காகிதத்தைக் காட்டி நிரூபிப்பாள்?

கார்வெட் உற்பத்தி 1981இல் கென்டக்கி மாநிலத்து பௌலிங் கிரீனுக்கு இடம்மாறியது. செயின்ட் லூயிஸ் ஆலை 1987இல் மூடப்பட்டது. பௌலிங் கிரீனில் 1994இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2014 பிப்ரவரியில் அதன் தரை திடீரென்று உள்வாங்கி எட்டுக் கார்வெட்டுகளை விழுங்கியது. கூட்டம் அலைமோதிற்று. மூன்றைப் பழுதுபார்த்தார்கள், மற்ற ஐந்தையும் நசுங்கியபடியே பார்வைக்கு வைத்தார்கள்.

என் கையில் இருக்கும் விளம்பரம் வண்டியின் எண்ணை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் காட்டுகிறது. எஸ் என்பதற்கு நேரே 'செயின்ட் லூயிஸ், மிசூரி' என்று போட்டிருக்கிறது.