விட்டுட்டுத் திரும்பி வந்த காய்ச்சல்

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. வழக்கமா "ஆபீஸ்ல ஆணி அதிகம்"னு சொல்லித் தப்பிச்சுக்குவேன். இந்தத் தடவை காரணம் அது இல்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. இப்ப நல்லா இருக்காரு, காலைல பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு எல்லாக் கட்சியையும் திட்டுறாரு. :-) ஆஸ்பத்திரி பெஞ்ச்ல உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாப் படிச்சதுதான் இந்தப் பதிவு. சரித்திரம்தான், ஆனா எங்க வீட்டுக் கதையில இருந்துதான் ஆரம்பிக்கணும்.

அப்பாவுக்கு வயசு 61. பத்து வருசமா சுகர் இருக்கு. நான் ஊருக்குப் போயிருந்த நேரம் காய்ச்சல், இருமல், உடம்பு வலி. முதல் நாள் 103. "சாதாக் காய்ச்சல்தான்டா, கசாயம் குடிச்சா ஓடிரும்"னாரு. கசாயமும் பாராசிட்டமாலும் ஓடிச்சு. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுருச்சு, ரெண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. நானும் பெங்களூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டேன்.

ஆறாம் நாள் ராத்திரி மறுபடியும் காய்ச்சல். தெர்மாமீட்டர் 100.4 காட்டுச்சு. இஞ்சினியர் மூளை உடனே கணக்குப் போட்டுது: 103லயே ஒண்ணும் ஆகலை, 100.4ல என்ன ஆயிடப் போகுது? "காலைல பாத்துக்கலாம்மா"னு சொல்லிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கொஞ்ச நேரத்துல அம்மா வந்து நின்னாங்க. "தம்பி, தெர்மாமீட்டரை விடு. அப்பா உதட்டைப் பாரு. பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்குறாரு."

கொரோனா சமயத்துல வாங்கின ஆக்சிமீட்டர் அலமாரியில கிடந்துச்சு. பேட்டரி போயிருந்துச்சு. டிவி ரிமோட்ல இருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தா 88. அடுத்த அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரியில இருந்தோம்.

அங்க இருந்த டியூட்டி டாக்டர் முதல்ல கேட்டது "எத்தனை டிகிரி?"ன்னு இல்லை. "காய்ச்சல் நடுவுல விட்டுட்டுத் திரும்ப வந்துச்சா?" ஆமான்னேன். தலையை ஆட்டிக்கிட்டே எக்ஸ்ரே எழுதினாரு. நிமோனியா. அந்தக் கேள்வி எங்க இருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சவன்தான், 1918ல போய் நின்னேன்.

1918 ஜூன் மாசம், பம்பாய் துறைமுகம். முதல் உலகப் போர் முடியலை, படைவீரர்களை ஏத்திக்கிட்டுக் கப்பல்கள் வந்து போயிட்டு இருக்கு. ஜூன் 10ஆம் தேதி துறைமுகக் காவல்ல இருந்த ஏழு போலீஸ்காரங்க காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. மலேரியா இல்லை. சில வாரத்துல ஊரே படுத்துருச்சு. ஆனா பெரும்பாலானவங்களுக்கு மூணு நாலு நாள்ல சரியாப் போச்சு. பின்னாடி நடந்ததோட ஒப்பிட்டா சாவும் கம்மிதான்.

செப்டம்பர்ல அதே காய்ச்சல் வேற முகத்தோட திரும்பி வந்துச்சு. அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாள்ல பம்பாய் நகரத்துல பதிவான சாவு 768. அங்க இருந்து ரயிலேறி நாடு முழுக்கப் பரவுச்சு. அந்த வருசம் பருவமழையும் பொய்ச்சுப் போச்சு, தானிய விலை எகிறிக் கிடந்துச்சு, பசியோட இருந்த உடம்புல நோய் விழுந்துச்சு. பிரிட்டிஷ் இந்தியாவுல எத்தனை பேர் போனாங்கன்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள ஒரே கணக்கு கிடையாது. ஒன்றே கால் கோடியில இருந்து ஒன்றே முக்கால் கோடிக்கு மேல வரை சொல்றாங்க. இன்னைக்கு இருக்குற இந்திய எல்லைக்குள்ள 1911க்கும் 1921க்கும் நடுவுல மக்கள்தொகை கூடாம குறைஞ்சே போச்சு. அந்த மாதிரி நடந்தது அந்தப் பத்து வருசத்துல மட்டும்தான்.

செத்ததுல பெரும்பங்கு 20ல இருந்து 40 வயசுக்குள்ள இருந்தவங்க. அதாவது என் வயசு. நம்ம நாட்டுல ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்க அதிகமாச் செத்தாங்க. சரியான சாப்பாடு இல்லை, அதோட வீட்டுல படுத்தவங்க எல்லாரையும் பார்த்துக்கிட்டது அவங்கதான். அவங்க படுத்தப்ப பார்க்க ஆள் இல்லை.

அப்ப டாக்டர்கள் கையில என்ன இருந்துச்சு? ஒண்ணுமே இல்லைங்க. ஒரு பாக்டீரியாதான் காரணம்னு தப்பா நம்பிக்கிட்டு இருந்தாங்க. மனுசனுக்கு வர்ற ஃப்ளூ வைரஸைப் பிரிச்சு எடுத்ததே 1933ல, லண்டன்ல. பெனிசிலினைக் கண்டுபிடிச்சது 1928, அது ஊருக்கெல்லாம் கிடைச்சது 1940கள்ல. ஆக்சிமீட்டர் பக்கமே போக வேண்டாம், அதோட அடிப்படையை ஜப்பான்ல டாகுவோ அயோயாகி கண்டுபிடிச்சது 1970கள்ல.

மருந்து இல்லாததால அவங்க கண்ணால பார்த்தாங்க. யாரு பிழைப்பா, யாரு போயிருவான்னு படுக்கை படுக்கையாப் பார்த்து எழுதி வச்சாங்க. அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துல டெவன்ஸ்னு ஒரு ராணுவ முகாம். அங்க வேலை பார்த்த டாக்டர் ஒருத்தர் 1918 செப்டம்பர் கடைசியில நண்பருக்கு எழுதின கடிதம் இன்னைக்கும் இருக்கு. கன்னத்து எலும்பு மேல செம்பழுப்புத் திட்டு வரும், சில மணி நேரத்துல காதுல இருந்து நீலம் பரவி முகமெல்லாம் நிறையும், அப்புறம் மூச்சுக்குத் திணறல், சாவு. சராசரியா ஒரு நாளைக்கு நூறு பேர் போனாங்களாம். பிரிட்டிஷ் டாக்டர்கள் அந்த நிறத்துக்கு ஹீலியோட்ரோப்னு ஒரு ஊதாப் பூவோட பேரையே வச்சாங்க. அந்த நிறம் வந்துட்டா பிழைக்கிறது அபூர்வம்.

அம்மா அன்னைக்கு ராத்திரி உதட்டுல பார்த்தாங்களே, அந்த நிறத்தோட ஆரம்பம்தான் அது. நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

சரி, அந்த "விட்டுட்டுத் திரும்ப வர்ற" மேட்டர்? 2008ல அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1918ல செத்த 58 பேரோட பாதுகாத்து வச்ச நுரையீரல் திசுவை எடுத்துப் பார்த்தாங்க. கூடவே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளையும் அலசினாங்க. பெரும்பாலான சாவுக்கு முடிவான காரணம் ஃப்ளூ வைரஸ் மட்டும் இல்லை, அது போன வழியில பின்னாடியே நுழைஞ்ச பாக்டீரியா நிமோனியா. வைரஸ் வந்து கதவை உடைச்சுட்டுப் போகுது. வீட்டுக்காரன் "அப்பாடா, போயிட்டான்"னு படுக்குறான். அதே உடைஞ்ச கதவு வழியா அடுத்தவன் வர்றான். அதனாலதான் ரெண்டாவது தடவை வர்ற 100.4, முதல் நாள் 103ஐ விட ஆபத்து. நான் போட்ட கணக்கு தலைகீழ்.

இதே பாடம் 2009ல மறுபடி வந்துச்சு. பன்றிக் காய்ச்சல்! ஆகஸ்ட் 3ஆம் தேதி புனேல ஒரு பள்ளி மாணவி இறந்தது இந்தியாவோட முதல் சாவு. அப்புறம் தும்மல் வந்தவன், வராதவன் எல்லாரும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாங்க. அந்த நேரத்துல மத்திய சுகாதார அமைச்சகம் எளிமையா மூணு பிரிவாப் பிரிச்சுக் கொடுத்துச்சு.

முதல் பிரிவு: லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி. டெஸ்ட் வேண்டாம், வீட்டுலயே தனியா ஓய்வு, 24-48 மணி நேரத்துல மறுபடி கவனிக்கணும்.

ரெண்டாவது: கடுமையான காய்ச்சலும் தொண்டை வலியும் இருக்கறவங்க. அப்புறம் லேசா வந்தாலும் கர்ப்பிணிகள், 65 தாண்டினவங்க, சுகர், இருதயம், நுரையீரல், கிட்னி பிரச்சினை உள்ளவங்க. இவங்க டாக்டரைப் பார்க்கணும். ஃப்ளூ மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா வேலை செய்யும்.

மூணாவது: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் மாதிரி தூக்கம், சளியில ரத்தம், ரத்த அழுத்தம் இறங்குறது, நகம் நீலமாகுறது. குழந்தைன்னா விடாத காய்ச்சல், சாப்பிட முடியாம சோர்ந்து கிடக்குறது, வலிப்பு. உடனே ஆஸ்பத்திரி.

மூணாவது பட்டியலைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. டிகிரி கணக்கு ஒண்ணுகூட இல்லை. எல்லாமே 1918ல கையில மருந்தே இல்லாத டாக்டர்கள் கண்ணால பார்த்த அறிகுறிகள் மாதிரியே இருக்கு. அவங்க பார்த்தப்ப செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. நமக்கு ஆக்சிஜன் இருக்கு, ஆன்டிபயாடிக் இருக்கு, 108 இருக்கு. பார்க்கறதுதான் பாக்கி.

நான் ரெண்டு இடத்துல கோட்டை விட்டேன். சுகர் இருக்கற மனுசனை முதல் நாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலை. திரும்பி வந்த காய்ச்சலை எண்ணை மட்டும் பார்த்து அலட்சியமா விட்டேன். அப்பா எட்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரு, அதுல நாலு நாள் ஆக்சிஜன்ல. "காலைல பாத்துக்கலாம்"னு விட்டிருந்தா என்னாகியிருக்கும்னு டாக்டர்கிட்ட நான் கேட்கலை. அவரும் சொல்லலை.

வீட்டுக்கு வந்த அன்னைக்கு அம்மாகிட்ட "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"ன்னேன். "முப்பது வருசமா அந்த மூஞ்சியைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்"னாங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை. சந்தேகம்னா பதிவைப் படிச்சுக்கிட்டு உட்காராம டாக்டரைப் பாருங்க. அப்படியே வீட்டுல இருக்குற ஆக்சிமீட்டருக்கு ஒரு பேட்டரி போட்டு வைங்க. ரிமோட்டைப் பிடுங்கினதுக்கு அப்பா இன்னும் திட்டிக்கிட்டு இருக்காரு. :-)