டிரவுட் மீன் மலையேறிய வரலாறு



பினாங்கில் தூண்டில் போடுவோரைக் காண்பது அரிதன்று. கடலோரக் கற்களின் மீதும், பெருநிலத்துத் தோட்டங்களின் ஓடைக்கரைகளிலும், விடுமுறை நாள் என்றால் ஆட்கள் குந்தியிருப்பார்கள். முள்ளில் மண்புழுவைக் கோத்துப் போடுவார்கள். விரால் கிடைக்கலாம், கெளுத்தி கிடைக்கலாம்; ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். இன்று நாம் பேசப் போவது வேறொரு வகைத் தூண்டிலைப் பற்றி. இதில் மண்புழு இல்லை, மாவுருண்டையும் இல்லை. சிறிய முள்ளொன்றில் பட்டு நூலையும் சேவலின் கழுத்து இறகையும் சுற்றி, அரிசி மணியளவே உள்ள ஒரு நீர்ப்பூச்சியைப் போலச் செய்துவிடுகிறார்கள். இந்தப் பொய்ப்பூச்சியை நம்பி வந்து சிக்கிக்கொள்ளும் மீனுக்கு டிரவுட் என்று பெயர்.

டிரவுட் நம் பினாங்கில் இல்லை. ஆயினும் அதன் கதை நமக்கு அந்நியமானதன்று. நம் முன்னோரில் ஒரு சாரார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறைக்கு வந்தார்கள். அதே காலத்தில் மற்றொரு சாரார் இலங்கையின் மலைகளுக்கும், நீலகிரிக்கும், மூணாற்றுக்கும் தோட்ட வேலைக்குப் போனார்கள். அந்தத் தேயிலை மலைகளுக்குத்தான் டிரவுட்டும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது.

முதலில் அதன் இயல்பைத் தெரிந்துகொள்வோம். டிரவுட் குளிர்நீர் மீன். நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும். வெப்பநிலை 25 பாகை செல்சியசை நெருங்கினால் இந்த மீன் தவித்துப் போகும். முட்டையிடவோ, இன்னும் குளிர்ந்த ஓடும் நீரும் கூழாங்கல் படுகையும் வேண்டும். நம் பினாங்கு மலையின் உயரம் 833 மீட்டர். நுவரெலியாவோ ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியில் அவலாஞ்சி 2,000 மீட்டரை ஒட்டியது. பினாங்கில் இந்த மீன் ஏன் இல்லை என்பதற்கு விடை இதுதான்.

மலைகளில் குடியேறிய வெள்ளைக்கார அதிகாரிகளும் துரைமார்களும் அங்கிருந்த ஓடைகளைப் பார்த்தபோது தங்கள் ஊர் நினைவு வந்தது. தண்ணீர் குளிர்ந்திருந்தது, தெளிந்து ஓடியது. அவர்கள் விரும்பிய மீன்தான் இல்லை. உயிருள்ள மீனை இங்கிலாந்திலிருந்து அவ்வளவு தூரம் கொண்டுவருவது கடினம். ஆகவே முட்டைகளைக் கொண்டுவர எண்ணினார்கள். சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர் பிரான்சிஸ் டே. பிற்காலத்தில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிப் புகழ் பெற்றவர் இவரே. 1863-இல் நீலகிரிக்காக டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர இவர் முயன்றார். முட்டைகள் பிழைக்கவில்லை. மீண்டும் முயன்றபோதும் நீலகிரியில் இந்த மீன் நிலைக்கவில்லை.

முட்டையை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கான விடை 1864-இல் கிடைத்தது. நார்போக் என்ற கப்பலில், ஈரப் பாசிக்கிடையே முட்டைகளை அடுக்கி, பெட்டிகளைப் பனிக்கட்டி அறையில் வைத்து, சுமார் மூன்று மாதப் பயணத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து டாஸ்மேனியா தீவுக்குச் சென்ற முட்டைகள் பொரித்தன. குளிரில் முட்டையின் வளர்ச்சி மெதுவாகிறது. பாசி ஈரத்தையும் காற்றையும் காக்கிறது. இவ்வளவுதான் அதன் சூட்சுமம். மீன் முட்டைக்குக் கப்பலில் பனிக்கட்டி அறை ஒதுக்கிய அந்தக் காலத்தில், நாகப்பட்டினத்திலிருந்து வந்த நம்மவர்கள் வெயிலும் மழையும் படும் கப்பல் தளத்தில்தான் படுத்து வந்தார்கள் என்பதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கீழ்த்திசைப் பயண நாட்கள் வெகுவாகக் குறைந்தன. 1880-களின் தொடக்கத்தில் லெ மெசூரியர் என்ற அரசாங்க அதிகாரியின் முயற்சியால் நுவரெலியாவுக்குப் பழுப்பு டிரவுட் வந்தது. 1873-இல் ஆளுநர் கிரெகரியின் காலத்தில் அமைத்த ஏரி அங்கே இருந்தது. அதிலும் மீனை விட்டார்கள். பிறகு வானவில் டிரவுட் என்ற மற்றோர் இனமும் வந்து சேர்ந்தது. பக்கவாட்டில் செந்நிறப் பட்டை ஓடுவதால் இதற்கு இந்தப் பெயர். இதன் தாயகம் அமெரிக்காவின் மேற்குக் கரை. பழுப்பு இனத்தைக் காட்டிலும் இதுவே இலங்கை மலைகளில் நன்றாக வேரூன்றி, ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாகவே இனம் பெருக்கியது. 1896-இல் மீன்பிடிக் கழகம் ஒன்றும் தோன்றியது.

நீலகிரிக்கு வெற்றி தேடித் தந்தவர் எச். சி. வில்சன். சென்னை அரசாங்கத்தின் மீன்வளர்ப்பு வல்லுநரான அவர் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வானவில் டிரவுட்டை வரவழைத்து ஓடைகளிலும் ஏரிகளிலும் விட்டார். டே தொடங்கிய வேலை ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கைகூடியது.

விட்ட மீன் எதைத் தின்று வளர்ந்தது? இங்கேதான் கதை சுவையாகிறது. குளத்துச் சேற்றில் நூல் போன்ற சிவப்புப் புழுக்களை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நம் இரத்தத்தைப் போலவே அதன் உடலிலும் உயிர்வளியைப் பிடித்து வைக்கும் செம்பொருள் இருப்பதால், காற்றுக் குறைந்த சேற்றிலும் அது பிழைத்திருக்கும். கொசுவைப் போலத் தோன்றினாலும் கடிக்காத ஒரு பூச்சியின் இளமைப் பருவம் அது. வளர்ந்ததும் கூட்டுப்புழுவாகி, அடியிலிருந்து மெல்ல மேலே எழும்பும். நீரின் மேற்பரப்பு அதற்கு ஒரு தோல் போலத் தடுக்கும். அந்தத் தோலுக்குக் கீழே சற்று நேரம் தொங்கி நின்று, முதுகு வெடித்து, சிறகு விரித்துப் பறந்துவிடும். தொங்கி நிற்கும் அந்தச் சில நொடிகளில்தான் டிரவுட் வந்து உறிஞ்சிக்கொள்ளும். கரையில் நிற்பவருக்குத் தெரிவது ஒரு சிறு வளையம் மட்டுமே.

ஆற்றில் நிற்கும் மீனுக்கு நீரோட்டமே இரையைக் கொண்டுவந்து தரும், ஏரியில் அப்படியில்லை. மீன்தான் இரையைத் தேடிச் சுற்ற வேண்டும். ஆகவே ஏரியில் இறகுத் தூண்டில் போடுவது மிகக் கடினம் என்று இங்கிலாந்திலேயே கருதினார்கள். பிரிஸ்டல் நகரத்துக் குடிநீருக்காக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாக்டன் என்ற நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். நம் ஆயர் ஈத்தாம் அணையைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மீன் பிடித்து வந்தவர் பெல் என்ற கிராமத்து மருத்துவர். மற்றவர்கள் பளபளக்கும் பெரிய இறகுகளைக் கட்டி வீசியபோது, இவர் பிடித்த மீனின் இரைப்பையைத் திறந்து பார்த்தார். உள்ளே நத்தையும் சிறு புழுக்களும் கூட்டுப்புழுக்களும் இருந்தன. அவற்றின் அளவிலும் நிறத்திலுமே மெல்லிய நூலைச் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்தார். அதை நீருக்குள் தாழவிட்டு, மிக மெதுவாக இழுத்தார். அவருக்கு முன்பே ஸ்கியூஸ் என்ற வழக்கறிஞர், ஆற்று மீன்களைப் பற்றி இதே வழியில் ஆராய்ந்து 1910-இல் நூல் வெளியிட்டிருந்தார். பெரிய கருவி எதுவும் இவர்களிடம் இல்லை. மீன் என்ன தின்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

இந்தக் கலை மலைநாட்டு மக்களுக்கு எட்டியதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். நீலகிரியில் வேட்டையையும் மீன்பிடிப்பையும் கட்டுப்படுத்த 1879-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மீன் பிடிக்கச் சீட்டு வாங்க வேண்டும். நாட்கூலி வாங்குபவர் சீட்டுக்கும், மூங்கில் கோலுக்கும், பட்டுக் கயிற்றுக்கும் எங்கே போவார்? காலையில் பனியில் நின்று கொழுந்து பறித்தவர்களுக்குத் தங்கள் லயத்தருகே ஓடிய ஓடையின் மீன் வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. இந்தியா விடுதலை பெற்ற பின் அவலாஞ்சிப் பொரிப்பகம் தமிழ்நாட்டு மீன்வளத் துறையின் பொறுப்பில் வந்தது. மின்சாரத்துக்காகக் கட்டிய முக்குருத்தி, எமரால்டு, மேல்பவானி நீர்த்தேக்கங்களிலும் டிரவுட் பரவியது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியின் குளிரோடைகளில் ஒரு சிறு நன்னீர் இறால் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. வெளியிலிருந்து வந்த டிரவுட் இத்தகைய சிற்றுயிர்களைத் தின்று குறைத்துவிடும் என்ற கவலை ஆய்வாளர்களிடையே இருக்கிறது. மீனை விட்ட காலத்தில் இறாலைப் பற்றிக் கேட்பார் யாரும் இருக்கவில்லை.

இனி நம் மலாயாவுக்கு வருவோம். அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிக்கப்பட்ட அதே ஆண்டுகளில் இங்கும் ஒருவர் ஓடை நீரின் சிற்றுயிர்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். 1901 முதல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அவர். தோட்டங்களில் நம் மக்கள் மலேரியாக் காய்ச்சலால் கூட்டங்கூட்டமாக மாண்ட காலம் அது. சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டியதும் காய்ச்சல் குறைந்தது. ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில் அந்த முறை பலிக்கவில்லை. காரணத்தை அவர் கண்டுபிடித்தார். அங்கே நோய் பரப்பும் கொசு, அழுக்குக் குட்டையில் முட்டையிடுவதில்லை. வெயில் படும் தெளிந்த மலையோடையில்தான் முட்டையிடுகிறது. காட்டை அழித்து ரப்பர் நட்டபோது, நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலுக்கு வந்தன, கொசுவும் பெருகியது. அதன்பின் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கவும், நீரை நிலத்தடிக் குழாய்களில் விடவும் ஏற்பாடுகள் நடந்தன. துரைமார்களின் பொழுதுபோக்குக்குப் பயன்பட்ட அந்தப் பூச்சி அறிவு, இங்கே நம் தாத்தா பாட்டிமார்களின் உயிரைக் காக்கப் பயன்பட்டது. இரண்டில் எது பெரிது என்று எங்களைக் கேட்டால், தயங்காமல் வாட்சனின் பக்கமே நிற்போம்.

நேயர்களே, இந்தச் சிற்றுயிர்களைப் பார்க்க நுவரெலியாவுக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளைகள் பெரியவர்களின் துணையோடு, தெளிந்த ஓடையில் ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடிப்புறத்தை வெள்ளைப் பீங்கான் தட்டில் நீர் விட்டு மெல்லக் கழுவட்டும். சற்றுப் பொறுத்திருந்தால் தட்டில் ஏதாவது நகரும். மூன்று வால் மயிருடன் தட்டையாக ஒட்டிக்கொண்டிருப்பது ஒன்று. மணலையும் குச்சியையும் ஒட்டிக் குழாய் போன்ற வீட்டைக் கட்டி, அதை இழுத்துக்கொண்டே நடப்பது மற்றொன்று. பார்த்து முடித்ததும் அவற்றை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். எலிக்காய்ச்சல் ஓடை நீரிலும் வரும்.